அண்ணனுக்கு ஒரு வினைச்சொல்

ஒரு பக்கம்கூட நிறையாத கவிதைக்காக நார்வே போகிறேன் என்று சொன்னபோது எங்கள் கல்லூரியில் யாரும் நம்பவில்லை. உண்மை அதுதான். ஒஸ்லோவின் கிழக்கே, அடுக்குமாடிகள் நிறைந்த பள்ளத்தாக்கில் ஒரு நூலகம் இருக்கிறது. குளிர்காலம் தொடங்கும்போது, நார்வேயில் வாழும் யாராவது எழுதிய ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு, அந்தப் பகுதியில் பேசப்படும் மொழிகளிலெல்லாம் அதை வாசிப்பார்கள். இந்த முறை வியட்நாமிலிருந்து வந்து திராமன் நகரில் குடியிருக்கும் பிங் என்பவரின் கவிதை. ஆங்கிலம் வழியாக நான் அதைத் தமிழாக்கியிருந்தேன். வந்து கவிதையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும் என்று அழைத்தார்கள்.

கோயம்புத்தூரில் ஃபேன் போட்டுக்கொண்டு மொழிபெயர்த்த கவிதை. வெஸ்ட்லி ரயில் நிலையத்தில் இறங்கி, முகத்தில் ஊசி குத்துவதுபோலக் காற்று அடித்தபோது, இதை வேறு யாருக்காவது தள்ளிவிட்டிருக்கலாமே என்று தோன்றியது.

என்னைக் கூட்டிப்போக வந்தவர் கௌரி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், முதியோர் இல்லம் ஒன்றில் தாதி. தமிழில் கவிதையை வாசிக்கப்போகிறவர் அவர்தான். கணவர் மாரடைப்பில் போய்விட்டார், மகள் பெர்கனில் வேலை பார்க்கிறாள். வீட்டில் அவர் மட்டும்தான், அதனால் நான் அங்கேயே தங்குவதாக ஏற்பாடு.

"வசந்தி, தலையை மூடுங்கோ. உங்கட ஊர்த் தொப்பி இஞ்சை வேலைக்காகாது" என்று தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி என் தலையில் மாட்டினார். அவர் வெறுந்தலையோடு நடந்தார்.

வீடு உயரத்தில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே காடு. இந்த ஊரில் நகரம் முடிகிற இடத்தில் காடு தொடங்கிவிடுகிறது, எங்கள் ஊரில் நகரம் முடிகிற இடத்தில் இன்னொரு லேஅவுட் தொடங்கும். பகல் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வெளிச்சம் வடியத் தொடங்கிவிட்டது. உறையவைத்த தேங்காய்ப்பூவில் அவித்த புட்டு, சால்மன் மீனில் வைத்த குழம்பு. நான் மீன் சாப்பிடுவதில்லை என்றேன். "ஐயோ, முதலே சொல்லியிருக்கலாமே" என்று பதறி, ஒரு நொடியில் வெங்காயச் சம்பல் இடித்துவிட்டார். அந்தச் சம்பலின் காரத்தில்தான் முதன்முதலாக எனக்கு உடம்பு சூடேறியது.

தேத்தண்ணி குடித்துவிட்டு ஒத்திகைக்கு உட்கார்ந்தோம். கவிதையை இங்கே எழுதிவிடுகிறேன். அன்று என் தமிழில் இப்படி இருந்தது.

அவர் துணியில் கடல் வரைகிறார்,
கடல் காணாத ஊர் ஒன்றின் நாடகத்துக்கு.
நீலம் காயுமுன் கதவு தட்டப்படுகிறது.
தூரிகையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்கிறார்.
கழுவ விடவில்லை.

ஆலிவ் தோப்புக்குள் ஒரு பாதை போகிறது.
திரும்பி வரும் பாதையை யாரும் வெட்டவில்லை.
அவர் இறந்தார்.

ஊர் வந்து உட்கார்ந்திருக்கிறது.
கடல் தொங்குகிறது.
கயிற்றை இழுக்கவேண்டியது யார் என்று
ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள்.

ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில் சுட்டுக் கொல்லப்பட்ட, நாடகத் திரை வரைந்த ஓர் ஓவியருக்கு அஞ்சலி இது. ஓவியரின் பெயர் கவிதையில் இல்லை. உடல் கிடைக்கவில்லை என்று அடிக்குறிப்பு மட்டும் சொல்கிறது.

கௌரி அக்காவின் குரல் எனக்குத் திகைப்பாக இருந்தது. தாழ்ந்த, நிதானமான குரல். அவசரமே இல்லாமல் வாசித்தார். "திரும்பி வரும் பாதையை யாரும் வெட்டவில்லை" என்பது வரைக்கும் வந்தார். அடுத்த வரிக்கு வாய் திறந்தவர் மூடிக்கொண்டார். தண்ணீர் குடித்தார். மறுபடி தொடங்கினார். மறுபடி அதே இடத்தில் நின்றார்.

"இந்த ஒரு வரியை மட்டும் நீங்கள் வாசிக்கிறியளோ?" என்று கேட்டார்.

"ஏன்க்கா? அந்த லைன்தானே கவிதைக்கே முக்கியம்?"

"அதுதான்."

பிறகு சொன்னார். அவருடைய அண்ணன் நாடகங்களுக்குச் சீன் கீறுகிறவர். கீறுவது என்றால் அவர்கள் பேச்சில் வரைவது. பள்ளிக்கூட நாடகம், கோயில் திருவிழாவில் கூத்து, எதுவானாலும் பின்னால் தொங்கும் அரண்மனையும் காடும் கடலும் அவர் கை. வேலையைக் கடைசி நேரத்துக்கு இழுத்தடித்து, சாயம் காயாத திரையையே கட்டிவிடுவார். சின்ன வயதில் கௌரி அக்கா ஏதோ ஒரு நாடகத்தில் இளவரசியாக நின்று, முதுகில் நீலத்தோடு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறார்.

கடைசிச் சண்டை முடிந்த நாட்களில், சரணடைந்தவர்களோடு அண்ணனையும் ஒரு பஸ்ஸில் ஏற்றியிருக்கிறார்கள். அவர் மனைவி பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொன்னார்களாம். அதற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை.

"அண்ணி இண்டைக்கும் அவரின்ரை படத்தை வைச்சுக்கொண்டு றோட்டோரப் போராட்டக் கொட்டிலில இருக்கிறா. காணாமல் போன ஆக்களின்ரை சொந்தக்காரர் எல்லாரும் அங்கைதான் இருக்கினம். நான் வாசிக்கிறதை ஆரோ வீடியோ எடுப்பினம். அது அவவிட்டைப் போகும். சீன் கீறின ஒரு மனுசனைப் பற்றி, நான், இந்த வாயால, இறந்தார் எண்டு…" கோப்பையைக் கழுவ எழுந்தார். "உந்தச் சொல்லுக்கு வேறை சொல் இல்லையோ?"

ஆங்கிலத்தில் 'இறந்தார்' என்றுதான் இருக்கிறது, மூலத்தில் எப்படி இருக்கிறதென்று எழுதியவரைத்தான் கேட்க வேண்டும் என்றேன். நல்லவேளை, மறுநாள் திராமன் போய் அவரைச் சந்திப்பதாக ஏற்கெனவே பேசியிருந்தோம்.

காலையில் சுரங்க ரயிலில் எங்கள் எதிரே இரண்டு தமிழ்ப் பெண்கள், பள்ளிப் பை மடியில். "எனக்கு இண்டைக்கு ப்ரோவெ இருக்கு, நான் ஒண்டுமே படிக்கேல்லை" என்றாள் ஒருத்தி. ப்ரோவெ என்றால் பரீட்சை என்று கௌரி அக்கா காதோடு சொன்னார். பரீட்சைப் பயத்துக்கு மட்டும் மொழி வேறுபாடே இல்லை.

நகரத்தின் நடுவே இறங்கி, திராமன் ரயிலுக்குப் போனால் ரயில் இல்லை. தண்டவாள வேலையாம். ரயிலுக்குப் பதில் பஸ். கௌரி அக்கா சலித்துக்கொள்ளவே இல்லை, குளிரைப் போல இதுவும் ஒரு பருவம் என்பதுபோல நடந்தார். பஸ்ஸில் ஒவ்வொருவரும் பக்கத்து இருக்கையில் தன் பையை உட்கார வைத்திருந்தார்கள். நான் போய் ஒரு பையின் பக்கத்தில் நின்றதும், அதன் சொந்தக்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பையை மடியில் எடுத்து வைத்தார். வழி முழுக்க வேறு பேச்சில்லை. எங்கள் ஊர்ப் பஸ்ஸில் இவ்வளவு தூரத்துக்குள் என் சம்பளமும் என் பெண்ணின் ஜாதகமும் தெரிந்துபோயிருக்கும்.

முன் இருக்கையில் மட்டும் ஒரு வயதான தம்பதி மெதுவாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். "என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"போன வருசமும் இதே பஸ்ஸிலதான் இருந்தனாங்கள், ரயிலை நம்பாதை எண்டு நான் சொன்னனான் எண்டுறார் அவர். போன வருசமும் நீங்கள் சொன்னது சரிதான் எண்டுறா அவ."

அதைச் சொல்லிவிட்டு கௌரி அக்கா சிரித்தார். அந்த நாள் முழுவதிலும் அவர் சிரித்தது அப்போது மட்டும்தான்.

பிங்கின் வீடு ஆற்றங்கரையில். எழுபதைத் தாண்டிய, மெலிந்த மனிதர். நான் அசைவம் சாப்பிடாததை கௌரி அக்கா போனிலேயே சொல்லியிருந்ததால், காளான் வேகவைத்த சாற்றில் அரிசி நூடுல்ஸ் போட்டு, மேலே ஜன்னலோரத் தொட்டியிலிருந்து கொத்தமல்லியும் புதினாவும் கிள்ளிப் போட்டார். சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் கவிதையைப் பற்றிப் பேச விடவில்லை. ஆறிப்போகும் என்றார்.

அவர் நார்வேஜிய மொழியில் பேச, கௌரி அக்கா எனக்குத் தமிழில் சொன்னார்.

"இந்த ஊரில் எல்லாரும் என் கவிதையில் படகைத் தேடுகிறார்கள்" என்றார் பிங். "நான் படகில் வந்தவன்தான். ஆனால் இதில் படகு இல்லை. ஒரு பழைய புத்தகத்தில் பாதி வரைந்த கடலின் படத்தைப் பார்த்தேன். அதை வரைந்தவனைக் கொன்றுவிட்டார்கள் என்று கீழே போட்டிருந்தது. அவனுக்காகத்தான் எழுதினேன். என் துக்கத்தைச் சொல்ல அவனை நான் வாடகைக்கு எடுக்கவில்லை."

எனக்கு அது பிடித்திருந்தது. கௌரி அக்கா அதை மொழிபெயர்த்துவிட்டு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கவிதையின் முதல் சொல்லை எப்படித் தமிழாக்கியிருக்கிறேன் என்று பிங் கேட்டார். "அவர்" என்றேன். பிங் தலையசைத்து மறுத்தார். வியட்நாமிய மொழியில் வெறும் 'அவர்' என்று ஒருவர் கிடையாதாம். யாரைப் பற்றிப் பேசினாலும் உறவு வைத்துத்தான் பேச வேண்டும். அவர் எழுதிய சொல் 'ஆஞ்'. அண்ணன் என்று பொருள். ஆங்கிலத்தில் அதற்கு வழியில்லாமல் வெறும் 'அவர்' ஆகிவிட்டது.

"அவன் சாகும்போது என்னைவிட எவ்வளவோ இளையவன்" என்றார். "இப்போது அவனுக்கு நான் தாத்தா வயது. ஆனாலும் முதலில் பிறந்தவன் அவன்தானே. வேறு எப்படிக் கூப்பிடுவேன்?"

தமிழில் இதற்குத் திண்டாடவே வேண்டியதில்லை. தாளில் 'அவர்' என்பதை அடித்து இரண்டு இடத்திலும் 'அண்ணன்' என்று எழுதினேன். 'அண்ணன் துணியில் கடல் வரைகிறார்.' கவிதை ஒரே அடியில் வீட்டுக்குள் வந்துவிட்டது. மகிழ்ச்சியோடு நிமிர்ந்தபோதுதான் கௌரி அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அந்த எட்டாவது வரியும் இப்போது 'அண்ணன் இறந்தார்' என்று ஆகியிருந்தது.

"கேளுங்கக்கா" என்றேன். "அந்த வேர்டையும் கேட்டுடுங்க."

அவர் கேட்டார். பிங் 'மத்' என்று ஒரு சொல்லைச் சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் காட்டி, முதுகுக்குப் பின்னால் மறைத்து, வெறுங்கையை விரித்து, மறுபடியும் 'மத்' என்றார். அப்புறம் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, உள்ளங்கையைக் கவிழ்த்து மேசையில் மெல்ல அழுத்தி, இரண்டு வாக்கியம் சொன்னார்.

கௌரி அக்கா என் பக்கம் திரும்பினார். "துலைஞ்சு போறதுக்கு உந்தச் சொல்தானாம். காணாமல் போறது. ஆக்களுக்கும் சொல்லுறவையாம். நீங்கள் அப்பிடிப் போட்டாச் சரி."

"காணாமல் போனார்னு போடலாமா?"

"ஓம்."

நான் இன்னொரு முறை கேட்கச் சொல்லவில்லை. சாவியை அவர் மறைத்துக் காட்டியதை நானே பார்த்தேனே. எட்டாவது வரியை 'அண்ணன் காணாமல் போனார்' என்று திருத்திக்கொண்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் அந்தத் தாளைக் கௌரி அக்கா வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தார்.

சனிக்கிழமை மதியம் நூலகம் நிரம்பிவிட்டது. வாசலில் எல்லாரும் ஈரக் காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடமாடினார்கள். உருது, சோமாலி, குர்து, போலிஷ், தமிழ். ஒரு மேசை நிறைய இனிப்பு ரொட்டியும், பழுப்பு நிறத்தில் சோப்புக் கட்டிபோல ஒரு பாலாடைக்கட்டியும். அதை வாயில் போட்டதும் பால்கோவாவில் உப்பைக் கொட்டிவிட்டார்களோ என்று நினைத்தேன். இரண்டாவது துண்டும் எடுத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிங் தொப்பியைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார். கொஞ்சம் ஆங்கிலம் பேசுவார் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அந்தச் சொல் சரியாக வந்துவிட்டதா?"

"வந்துவிட்டது. தொலைவது என்றே போட்டிருக்கிறேன்."

அவர் நெற்றியைச் சுருக்கினார். "சாவிக்குத்தான் அது தொலைவது. மனிதனுக்குச் சாவு. மரியாதையான சொல், அவ்வளவுதான். பெரியவர்கள் செத்துப்போனார்கள் என்று பச்சையாகச் சொல்லமாட்டோம் இல்லையா, அதற்காக. அவனைச் சுட்டார்கள், அவன் செத்தான், இதில் சந்தேகம் எதுவும் இல்லை. உங்கள் தோழியிடம் தெளிவாகச் சொன்னேனே."

மேசையில் கவிழ்ந்த அந்த உள்ளங்கை நினைவுக்கு வந்தது.

அறையின் மறுபக்கம் கௌரி அக்கா புடவைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் தாளோடு நின்றிருந்தார். எங்களைப் பார்த்தார். நாங்கள் என்ன பேசுகிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கண்ணை விலக்கவில்லை. கெஞ்சவும் இல்லை. நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்தார், அவ்வளவுதான்.

முதலில் நான் பேச வேண்டும். ஒலிபெருக்கியின் முன் நின்று, தயாரித்து வந்ததைப் பேசினேன். இந்தக் கவிதையில் கொலை இல்லை என்றேன். துப்பாக்கி இல்லை, ரத்தம் இல்லை. ஐந்தாவது வரியில் தூரிகையைக் கழுவ விடவில்லை என்பதோடு வன்முறை முடிந்துவிடுகிறது. ஓவியனுக்குத் தூரிகையைக் கழுவுவது என்றால் நாளைக்கும் வரைவேன் என்று அர்த்தம். அந்த நாளையைத்தான் பிடுங்குகிறார்கள். வியட்நாமிய வினைச்சொல்லில் காலம் காட்டும் உருபு இல்லை, அதனால் அண்ணன் வரைந்தாரா, வரைகிறாரா என்று அந்த மொழி பிரித்துச் சொல்லவேண்டியதில்லை. தமிழில் சொல்லியே ஆகவேண்டும், நான் 'வரைகிறார்' என்று எடுத்தேன். நாடகத் திரை மேலே ஏறினால்தான் நாடகம் தொடங்கும். கயிற்றை இழுக்கவேண்டியவர் அதை வரைந்தவர். அவர் வராததால் கடல் தொங்குகிறது, ஊர் எழுந்து வீட்டுக்கும் போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறது.

எட்டாவது வரியைப் பற்றி இரண்டு பத்தி எழுதி வைத்திருந்தேன். அதைப் படிக்கவில்லை. பல வருடங்களாக மாணவர்களிடம், மூலத்தில் இருப்பதை மாற்ற மொழிபெயர்ப்பாளருக்கு உரிமையில்லை என்று சொல்லிவருகிறவள் நான். அன்றைக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு போய் கௌரி அக்காவின் கையிலிருந்த தாளைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. என் தாளை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

தமிழ் முறை வந்தது. அவர் வாசித்தார். வீட்டில் கேட்டதைவிடக் குரல் இன்னும் தாழ்ந்திருந்தது. "அண்ணன்" என்ற முதல் சொல்லிலேயே பின்வரிசைத் தமிழர்கள் அசைவது நின்றுபோயிற்று. "கழுவ விடவில்லை" என்றபோது யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். எட்டாவது வரிக்கு வந்தார். இந்த முறை நிற்கவில்லை.

"அண்ணன் காணாமல் போனார்."

பின்னால் ஒரு பெண் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டார். சுவரோரம் நின்ற ஒருவர் காலணியைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே போனார், முடியும் வரை திரும்பவில்லை.

கைதட்டல் அடங்கியதும் பிங் என் பக்கம் குனிந்தார். "எந்தச் சொல்லை வாசித்தார்?"

"சாவிக்கான சொல்லை."

கௌரி அக்காவைச் சூழ்ந்திருந்த கூட்டத்தை அவர் நெடுநேரம் பார்த்தார். "அவருக்கு யாரோ இருக்கிறார்கள்" என்றார். நான் ஆமாம் என்றேன். கூட்டம் கலைந்த பிறகு கௌரி அக்காவிடம் போய்த் தன் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்து ஏதோ சொல்லிவிட்டு, தொப்பியை வைத்துக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக்கு வரும் வழியில் கௌரி அக்காவே தொடங்கினார். "உங்களுக்குத் தெரியும்தானே, வசந்தி."

"தெரியுங்க்கா."

"நீங்கள் என்னை மறிக்கேல்லை."

"இல்லைங்க்கா."

"அந்த மனுசன் கோவிக்கேல்லை. குரல் நல்லாயிருந்தது எண்டு மட்டும் சொன்னவர். அதுதான் எனக்குக் கூடக் கஷ்டமா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை. வெளியே பனித்தூறல் தொடங்கியிருந்தது. கௌரி அக்கா புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். மேசையில் இருந்த போன் அடித்தது. இரண்டு கையிலும் மா. மணிக்கட்டால் தட்டி ஸ்பீக்கரில் போட்டார்.

"கௌரி, வீடியோ பார்த்தனான்." அண்ணியின் குரல். அந்தப் பக்கம் ஒரு சேவலும் கூவியது.

"எப்பிடி இருந்தது அண்ணி?"

"குரல் அப்பிடியே இருக்கு. இளவரசி வேசம் போட்ட நேரம் மாதிரி." பிறகு, "ஏன் பிள்ளை அந்தச் சொல்லைப் போட்டனீ?"

"எந்தச் சொல்?"

"காணாமல் போனார் எண்டு. அந்த ஸ்பெயின்காரரைச் சுட்டவை எண்டு நீதானே எனக்குச் சொன்னனீ. சுட்ட மனுசன் என்னெண்டு காணாமல் போறது?"

கௌரி அக்காவின் கை மாவுக்குள் அப்படியே நின்றது. "உங்களுக்காகத்தான் அண்ணி. நீங்கள் கேப்பியள் எண்டு."

"எனக்காகவோ?"

அந்தப் பக்கம் சேவல் மறுபடியும் கூவியது.

"கௌரி, அவர் இல்லை. எனக்குத் தெரியும். கனகாலமாத் தெரியும். அவர் பஸ்ஸில ஏறின நாள் வாற நேரம், ஒவ்வொரு வருசமும் கத்தரிக்காய்க் குழம்பு வைச்சு அவருக்குப் படைக்கிறனான். உன்னட்டை மட்டும்தான் சொல்லேல்லை."

"அப்ப ஏன் படத்தோடை அங்கை போய் இருக்கிறியள்?"

"என்ன செய்தவை எண்டு சொல்லட்டும். எங்கை போட்டவை எண்டு சொல்லட்டும். அதுக்குத்தான் இருக்கிறன். உயிரோடை தா எண்டு நான் இப்ப கேக்கேல்லை, பிள்ளை."

"எனக்கு ஏன் மறைச்சனீங்கள்?"

"நீ அங்கை தனிய இருக்கிறாய். ஒவ்வொரு முறையும் போன் எடுத்தா, அண்ணை வருவார் அண்ணி, எண்டு நீதான் முதல் சொல்லுவாய். நான் என்னெண்டு உனக்குச் சொல்லுறது?"

"நான் உங்களுக்காகச் சொன்னனான் அண்ணி." கௌரி அக்கா போனின் பக்கமாகக் குனிந்தார். "நீங்கள் நம்பிக்கொண்டு இருக்கிறியள் எண்டுதான் நான் சொல்லிக்கொண்டு வந்தனான்."

அண்ணி அழுதார். இவரும் அழுதார். இரண்டு பேரும் போனை வைக்காமல் அழுதுகொண்டிருந்தார்கள். நான் எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். காடு வெளுத்துக்கொண்டு வந்தது.

போன் அடங்கிய பிறகு கௌரி அக்கா குழைத்த மாவை அப்படியே மூடிவைத்தார். கையைக் கழுவினார். அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைச் சேலையை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. வரும்போது தலை நனைந்து, முடியைத் துவட்டாமல் தொங்கவிட்டிருந்தார். சாவுச் செய்தி வந்தால் எங்கள் வீட்டிலும் இப்படித்தான் தலை முழுகுவோம். எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அடுப்பு மூட்டவேண்டாம் வசந்தி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் கடை திறப்பதில்லை. கீழே இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, எதிர் வீட்டு மணியை அடித்தேன். முக்காடு போட்ட ஒரு பாகிஸ்தானியப் பெண் திறந்தார். கௌரி அக்காவின் அண்ணன் இறந்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். நான் சொல்லிக் கேட்கும்போது எனக்கே அது புதுச் செய்திபோல இருந்தது. அவர் நெஞ்சில் கை வைத்தார். அரை மணி நேரத்தில் ரொட்டியும் பருப்பும் ஒரு பெரிய பாத்திரத்தில் வந்தன. உள்ளே வந்து கௌரி அக்காவின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். மாடிப்படியில் எத்தனையோ வருடமாகச் சந்தித்துக்கொள்கிறவர்கள், ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் வந்தது அன்றுதானாம்.

மதியம் கௌரி அக்காவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை இருந்தது. வரமுடியாது என்று சொல்ல போன் செய்தார். நார்வேஜிய மொழியில் பேச்சு. நிமிர்ந்து நின்று, ஈரத்தலையோடு, அலுவலகக் குரலில் பேசினார். நடுவில் எதிர்ப்பக்கம் ஏதோ கேட்டார்கள். சுவரில் கை ஊன்றிக்கொண்டார். அந்தப் பக்கத்துக் குரல் மறுபடி கேட்டது. இரண்டே சொல்லில் பதில் சொல்லி நன்றி கூறி வைத்துவிட்டார்.

"லீவு தர மாட்டேன்னாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லை, நல்ல பிள்ளை அவ. ஆழ்ந்த அனுதாபம் எண்டு சொன்னவ." நாற்காலியை இழுத்து ரொட்டியின் முன் உட்கார்ந்தார். "அண்ணை எப்ப செத்தவர் எண்டு கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"இண்டைக்கு எண்டு சொன்னனான்."